வால்வு மூடிய நிலையில் காணப்பட்டது

முதல் சுற்றுக்குக் கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடங்கள் என்று சொல்லியாயிற்று. பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் போட்டுக்கொண்டார்கள், சபூராவின் சுடிதாரில் பாக்கெட் இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள், கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற பெரிய மனுஷி மாதிரி. விழுந்த விமானத்தை முதலில் கண்ணால்தான் பார்க்க வேண்டும், தொட்டால் போச்சு, இது ஒன்பது வருஷமாக நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், சொல்லும்போது எனக்குக் குரல்கூட மாறுவதில்லை, அதுதான் ஆச்சரியம். மணி இரண்டரை. கயத்தாறு தாண்டி காற்றாலைகளுக்கு நடுவே எங்கள் பயிற்சிப் பள்ளியின் மைதானம், மைதானத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டின வளையத்துக்குள் நசுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன விமானம், நாலு பேர் உட்காரக்கூடியது, அதற்கு எதிரே தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். விமான விபத்துகளை விசாரிக்க ஆள் தயார் செய்கிறேன். அதாவது, இது எப்படி விழுந்தது என்று இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தது சரியா என்று நான் சொல்ல வேண்டும், எனக்கு விடை தெரியும், ஏனென்றால் பதினேழு வருஷத்துக்கு முன்னால் இதை விசாரித்து விடை எழுதினவனே நான்தான். பைலட் உட்காரும் இடத்தில் இடது முழங்கால் பக்கம் சுவரில் ஒரு வால்வு இருக்கும், சிவப்புக் கைப்பிடி, இடது டாங்க், வலது டாங்க், மூடு என்று மூன்று நிலை. வால்வு மூடிய நிலையில் காணப்பட்டது. பறக்கும்போது பெட்ரோலை மூடிவிட்டார், இன்ஜின் நின்றது, விழுந்தது, பைலட்டின் தவறு, அவ்வளவுதான், நூற்றுக்கு நூறு. பதினேழு பேட்ச் வந்து இதையே எழுதிவிட்டுப் போயிருக்கிறது, இது பதினெட்டாவது. அறிக்கையில் அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியமாக ஒரு காலத்தில் இருந்தது, காணப்பட்டது, யார் கண்டது, யார் மூடியது, ஒன்றும் கிடையாது, சுத்தமான வாக்கியம். காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மடியில் இருக்கிற ஃபைல் பறந்துவிடாமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபைலில் இருப்பது ரொசாரியோவின் மனு. மூன்றாவது மனு. கேப்டன் ரொசாரியோ என்றுதான் இன்னும் கையெழுத்துப் போடுகிறார், லைசென்ஸ் போய்ப் பதினாறு வருஷம், தூத்துக்குடியில் ஒரு ஐஸ் பிளான்டில் லாஞ்சுகளுக்கு டோக்கன் எழுதுகிறார், அறுபத்திரண்டு வயசு, போடட்டும், அதில் நமக்கென்ன. அன்றைக்கு அவர் வாத்தியார், பக்கத்தில் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தவள் சுகந்தி என்று ஒரு பெண், இருபத்தோரு வயசு, அவள் அங்கேயே இறந்துபோனாள், இவருக்குத் தோள்பட்டை மட்டும் உடைந்தது. வழக்கை மறுபடி திறங்கள் என்று மனு. இதற்கு உங்கள் அபிப்பிராயம் மாலை ஐந்து மணிக்குள் வேண்டும் என்று டைரக்டர் ஸார் பச்சை மையில் எழுதியிருக்கிறார். எழுதினவனிடமே கேட்பது எங்கள் இலாகாவின் வழக்கம், மருமகள் பிராதை மாமியாரிடமே கொடுத்து விசாரிக்கச் சொல்கிற மாதிரி. போன இரண்டு தடவையும் நான்தான் பதில் எழுதினேன், மறு ஆய்வுக்குப் போதிய முகாந்திரம் இல்லை. இந்தத் தடவையும் அதையே டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், தேதியை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனா சட்டைப் பையில் இருக்கிறது. போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, என்னத்துக்கு இப்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், பேனாவில் மை இல்லையா, கையில் சுளுக்கா. போன மனுவில் நாலு பக்கம் எழுதியிருந்தார், இதில் ஒரே ஒரு பக்கம். கடைசி வரி, சுகந்தியின் அப்பா இன்னும் என் முகத்தில் விழிப்பதில்லை ஐயா, நான் சாவதற்கு முன்னால் அவர் வீட்டு வாசலுக்கு ஒருமுறை போக வேண்டும். ஐயா என்று என்னைத்தான் சொல்கிறார். நான் சொன்னால் அவர் போகலாம், நான் சொல்லாவிட்டால் போக முடியாது, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் வீட்டு வாசலுக்குப் போவதற்கு என் கையெழுத்து வேண்டியிருக்கிறது, கேட்டால் சிரிப்பார்கள். கீழே ஒரு போன் நம்பர், பத்து எண், நான் ஒரு தடவையும் அடித்ததில்லை, ஆனால் மனப்பாடமாகிவிட்டது.

அன்றைக்குக் காற்று இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது, ஆனி மாசம், காலை ஒன்பதே கால். நான் அப்போது பன்னிரண்டு மைல் தள்ளி விமான நிலையத்தில் இருந்தேன், தகவல் வந்ததும் ஜீப்புக்குக் காத்திருக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன், ஃபயர் சர்வீஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன், அதைப் பற்றி ரொம்ப நாள் பெருமை வேறு. உடைமரக் காடு. ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள், ரொசாரியோ மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், அந்தப் பிள்ளையின்மேல் யாரோ துண்டை விரித்திருந்தார்கள், துண்டு பத்தவில்லை, கால் தெரிந்தது, ஒரு காலில் ஷூ, இன்னொன்றில் இல்லை. பெட்ரோல் வாடைக்குப் பயந்து எல்லோரும் தள்ளி நின்றார்கள். நான் போனேன். குனிந்தேன். தலையை உள்ளே விட்டேன். வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கேயோ சொட்டுகிற சத்தம் கேட்டது. இதுவரை ஞாபகத்தில் இருக்கிறது. அப்புறம் இருப்பது, ஜீப்பில் காமிரா வந்ததும் நான் படம் எடுத்ததும். நடுவில் நாற்பது நிமிஷம், அதில் ஆட்களை விரட்டியது இருக்கிறது, யாரும் பீடி பற்ற வைக்காதீங்க என்று கத்தியது இருக்கிறது, கை இல்லை. என் கை என்ன செய்தது என்பது மட்டும் இல்லை. விசாரணைக்கு வருவதற்கு முன்னால் நான் பதினோரு வருஷம் மெக்கானிக், பெட்ரோல் வாடை வந்தால் மெக்கானிக் முதலில் செய்கிற காரியம் வால்வை மூடுவது, யோசித்துச் செய்கிற காரியமில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போன பிறகு சமையல் கேஸை மூடினோமா என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, மூடியிருப்போம், மூடின ஞாபகம் இருக்காது, அந்த மாதிரி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சிலிண்டரை மூடினேன், மூடின கையோடு அப்படியே நின்றேன். என்னங்க ஆச்சு, சாம்பார் கொதிச்சிட்டா என்றாள் வீட்டுக்காரி. ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கிலிருந்து ஒன்றுமில்லைதான். மூடியிருந்தால் நான் மூடியதைத்தான் நான் படம் எடுத்தேன், நான் படம் எடுத்ததைத்தான் நான் கண்டுபிடித்தேன், நான் கண்டுபிடித்ததற்குத்தான் எனக்கு மெடல். மூடாமலும் இருந்திருக்கலாம், யார் கண்டது. விசாரணையில் ரொசாரியோ கட்டுப் போட்ட தோளோடு உட்கார்ந்து, ஸார் நான் அதத் தொடல, இடது டாங்க்லதான் இருந்துச்சு, இன்ஜின் தானா நின்னு போச்சு என்று மூன்று தடவை சொன்னார். அதிர்ச்சியில் இருந்தவருடைய நினைவு நம்பத்தகுந்ததாக இல்லை என்று நான் எழுதினேன். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன் பாருங்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

லோகநாதன் வருகிறார். விமானப்படையில் சார்ஜென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் முதலில் முடித்துவிட வேண்டும் அவருக்கு, சாப்பாட்டையும்கூட. முடிஞ்சுது ஸார், வால்வு க்ளோஸ், பைலட் எரர், சிம்பிள் கேஸ் என்று பேப்பரை நீட்டுகிறார். வேற ஏதும் பாத்தீங்களா என்றேன். வேற என்ன ஸார் பாக்கணும், அதான் கெடச்சிட்டே. அதான் கிடைத்துவிட்டது. சபாஷ், நானும் அன்றைக்கு இதைத்தான் சொன்னேன், கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் தேடுவது நின்றுவிடுகிறது, தொலைந்த செருப்பு கிடைத்த பிறகு எவன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிப்பான். நிஜமாகவே வால்வு திறந்திருந்ததென்றால் இன்ஜின் ஏன் நின்றது என்று ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்வியை அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. பெட்ரோலில் தண்ணீர் இருந்திருக்கலாம். டாங்க் மூச்சு விடுவதற்கு இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு, அதில் குளவி மண் வைத்து அடைத்திருக்கலாம், காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, நடக்கிற காரியம்தான், நாலு நாள் விமானத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால் போதும் அதற்கு. இதோ அந்த இடது இறக்கை புல்லுக்குள் கிடக்கிறது, எழுந்து போய்ப் பத்தடி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும், குளவி கண்டிப்பாக மண் வைத்திருக்கும், ஆனால் எந்த வருஷத்துக் குளவி? பதினேழு வருஷமாக வெட்டவெளியில் போட்டு வைத்திருக்கிறோமே. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நான் தின்றுவிட்டேன். லோகநாதனுக்கு டிக் போட்டேன். நூற்றுக்கு நூறு. டீ எப்ப ஸார் வரும் என்று கேட்டார். வரும் என்றேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். சபூரா வரவில்லை. மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயசு இருக்கும், இன்ஜின் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், வகுப்பில் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் எனக்கு வேலை வைத்துவிடுவாள். விமானத்துக்குள் இடுப்புவரை போய்க் குப்புறப் படுத்துக்கிடக்கிறாள், வெளியே தெரிவது இரண்டு கால்தான். இருபது நிமிஷமாகிவிட்டது. அவள் கையில் பல் டாக்டர் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, சொந்தமாகக் கொண்டுவந்திருக்கிறாள், காலையில் பையிலிருந்து எடுக்கும்போதே பார்த்தேன், பார்த்ததும் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இட்லி சரியில்லை. இல்லை, இட்லி நன்றாகத்தான் இருந்தது. அந்த வால்வுக்குப் பின்னால் வளைந்த தகடு ஒன்று இருக்கிறது, அதற்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது நேராகப் பார்த்தால் தெரியாது, இத்தனை வருஷமாக யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை, நாலு வருஷமாகப் பார்க்காமலே இருந்திருக்கிறேன், அது வேறு. யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான் இதே விமானத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்க நன்றாயிருக்கும், சுத்தப் பீற்றல். வேறு விமானம் கிடையாது, அதனால் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று பதினேழு பேட்ச் எனக்குத் தைரியம் கொடுத்திருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. மெடல் போகும், பென்ஷனில் கை வைப்பார்களா, வைக்கமாட்டார்கள், வைத்தாலும் வைப்பார்கள், அதெல்லாம்கூட இல்லை, இந்தப் பன்னிரண்டு பேரும் நாளைக் காலை வகுப்பில் என் மூஞ்சியைப் பார்ப்பார்களே, அதுதான். வெட்கமாகவும் இருக்கிறது, பயந்தவன் வெட்கப்படமாட்டான் என்று நினைத்திருந்தேன், இரண்டும் சேர்ந்தே வருகிறது. டீயும் வந்துவிட்டது. டீக்கடைக் கோமதிநாயகம் தூக்குவாளியை இறக்கி வைத்து, அந்தப் பிள்ளைக்கும் ஊத்தவா ஸார், ஆறிப்போயிருமே என்றான். ஊற்றி வை என்றேன். மணி மூன்றே முக்கால்.

"ஸார், ஒரு நிமிஷம் வாரீங்களா?" கால் இரண்டும் பின்னுக்கு வந்து, முழங்கால் வந்து, முகம் வந்தது, கன்னமெல்லாம் புழுதி. போனேன். பாய்ந்து போகவும் இல்லை, தயங்கவும் இல்லை, டீ குடிக்கப் போகிற மாதிரிதான் நடந்தேன், எவனாவது பார்த்திருந்தால் ஸாருக்கு நல்ல நிதானம் என்றிருப்பான். முழங்கால் போட்டுக் குனிந்தேன். அவள் ஒரு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை உள்ளே நுழைத்தாள். "இந்தப் பிளேட்டப் பாருங்க ஸார். சுவர் நசுங்கும்போது கைப்பிடி பிளேட்டுல குத்தி இறங்கியிருக்கு. குழி எங்க விழுந்திருக்கு பாருங்க, இடது டாங்க்குக்கு நேரா. குழிக்குள்ள சிவப்பு பெயின்ட்டு ஒட்டியிருக்கு. மூடுற பக்கம் ஒரு கீறல்கூட இல்ல. அப்ப தரையில மோதும்போது வால்வு திறந்துதான் இருந்திருக்கு. பொறவுதான் யாரோ மூடியிருக்காங்க." கண்ணாடியில் குழி தெரிந்தது, மிளகு அளவு, அடியில் சிவப்பு. எவ்வளவு சின்னதாக இருக்கிறது. நான் இதைவிடப் பெரிதாக நினைத்திருந்தேன். "அதும் தெரியாம கை பட்டுல்லாம் மூடாது ஸார். இந்தச் சின்னக் கட்டையப் பெருவிரலால அமுக்கிக்கிட்டேதான் அந்தப் பக்கம் திருப்ப முடியும். விவரம் தெரிஞ்ச ஆள்தான் செஞ்சிருக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபயர் சர்வீஸ்காரங்களா இருக்குமோ?" என்றாள்.

இருக்கும்மா. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே எடுத்து நீட்டுகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கிக்கொண்டால் யாருக்கு நஷ்டம், ரொசாரியோ தப்பித்தார், வழக்கைத் திறந்தாயிற்று, அவர் அந்த வீட்டு வாசலுக்குப் போகலாம், என் மெடல் என் வீட்டு ஷோகேஸில் இருக்கும், மாணவியே கண்டுபிடித்தாள், எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்பார்கள், நல்ல பேருக்குமேல் நல்ல பேர். அன்றைக்கு ஃபயர் சர்வீஸ் வண்டியில் வந்தவர் மாடசாமி, ஸ்டேஷன் ஆபீசர், நாங்க உள்ள எதையும் தொடல என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ரிட்டயர் ஆகி வள்ளியூர்ப் பக்கம் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தொடவில்லை என்று மூன்று தடவை சொல்வார். வயசாகிவிட்டது, நினைவு நம்பத்தகுந்ததாக இல்லை என்று யாராவது ஒருத்தன் எழுதுவான். அந்த ஒருத்தனுக்கு நான்தான் எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பேன். அப்போது, குனிந்த வாக்கிலேயே, பெருவிரலில் அது வந்தது. கட்டையை அமுக்கியது, கைப்பிடி முரண்டு பிடித்தது, ஒரு தடவை திருகிப் பார்த்து வராமல் இரண்டாவது தடவை மணிக்கட்டை மடக்கித் திருகியது, டொக்கென்று விட்டுக்கொடுத்தது, அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததுகூட வருகிறது. எங்கே போயிருந்தாய் இத்தனை நாளும்.

"அவங்க இல்லம்மா. அவங்க வாரதுக்கு முன்னாடி மூடியாச்சு. நான்தான் மூடினேன்."

சபூரா என் முகத்தைப் பார்த்தாள், வால்வைப் பார்த்தாள், கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபம் இல்லை, இரக்கமும் இல்லை, ஒரு உருப்படியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள், நான் அப்படித்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். "எழும்புங்க ஸார்" என்றாள். எழுந்தேன். "அந்தப் பக்கம் போயி நில்லுங்க. நீங்க இப்ப சாட்சி, ரிப்பனுக்கு உள்ள நிக்கப்பிடாது." மஞ்சள் ரிப்பனை அவளே தூக்கிப் பிடித்தாள், நான் குனிந்து வெளியே வந்தேன். கொட்டகையில் லோகநாதன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், என்னவாம் ஸார் என்றார். சபூரா நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"வாக்குமூலத்த டைரக்டர் ஸார்ட்டதான கொடுக்கணும்?"

"ஆமா. அஞ்சு மணிக்குள்ள."

நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். விரல் தானாகவே எண்களை அடித்தது, தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூன்று. "ஒரு போன் மட்டும் பண்ணிக்கிடுறேம்மா" என்றேன்.

"யாருக்கு ஸார்?"

"அந்தப் பைலட்டுக்கு. ரொசாரியோன்னு பேரு. அவர் மூடலன்னு அவர்ட்ட சொல்லணும்."

"அவரும் சாட்சிதான ஸார்?" என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "ரெண்டு பேரு வாக்குமூலமும் முடியிற வரைக்கும் நீங்க அவர்ட்ட பேசப்பிடாதே."

பேசக்கூடாதுதான். ஒரு சாட்சி இன்னொரு சாட்சியோடு பேசினால் இரண்டு நினைவும் கெட்டுவிடும், சரியாகச் சொன்னாள், அவளுக்கு இதற்கும் மார்க் போட வேண்டும். சரிதான் என்று போனை அணைத்தேன். பேசுவதற்கு எனக்கு நாலு வருஷம் இருந்தது. சபூரா நோட்டில் தேதி எழுதினாள், நேரம் எழுதினாள், உங்க முழுப் பேரச் சொல்லுங்க என்றாள்.